மூவாயிரத்து அறுநூறு கட்டங்களில் தண்ணீர்

போன் அணைந்துவிட்டது. அண்ணன் அதை வயிற்றின் மேல் போர்வையில் கவிழ்த்து வைத்துவிட்டு, எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான்.

அவன் இடது கையில் இரண்டு ஊசிகள். அவற்றிலிருந்து இரண்டு சிவப்புக் குழாய்கள் பக்கத்து இயந்திரத்துக்குப் போயின. அந்தக் கையை அசைக்கக் கூடாது. வலது கையில் போனைப் பிடித்து, அதே கையின் கட்டைவிரலால்தான் ஆட வேண்டும். திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் அறையில், வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், அவன் அப்படித்தான் கிடந்தான்.

"பாப்பா, இத்த எடுத்துக்கோ. தோசக்கல்லு மாரி கீது" என்றான்.

எடுத்தேன். நிஜமாகவே சுட்டது. அதில் ஓடிக்கொண்டிருந்தது நான் எழுதிய விளையாட்டு. பழைய போன், மூலையில் விரிசல், பேட்டரியும் கிழடு. இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

அண்ணன் கதவுப் பக்கம் திரும்பி, "சிஸ்டர், இன்னிக்கி இத்தோட போதும். ஊசிய எடுத்துருங்க" என்றான்.

சிஸ்டர் சித்தூர்ப் பக்கத்துப் பெண். தெலுங்கில்தான் பேசுவாள். "நாலுகு கண்டலு காலேதன்னா" என்றாள். நான்கு மணி நேரம் ஆகவில்லையே என்று கெஞ்சினாள்.

"பர்வாலேதம்மா" என்று சிரித்தான் அண்ணன். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு அவன் எதையும் சாதித்துவிடுவான். ஊசி வெளியே வந்தது. அந்த மாதத்தில் அது மூன்றாவது முறை.

பாதியில் எழுந்து போகிறவர்கள் ரொம்ப நாள் தாங்குவதில்லை என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். நான்கு மணி நேரம் சும்மா படுத்திருக்க அண்ணனால் முடியாது. அவனைக் கட்டிலில் பிடித்து வைக்க என்னிடம் இருந்தது ஒரு விளையாட்டு மட்டும்தான். அது இரண்டு மணி நேரத்தில் படுத்துவிடுகிறது.

மண்ணைத் துளைத்தவன்

சென்னையில் வேலையை விட்டுவிட்டுத் திருப்பதிக்கு வந்து உட்கார்ந்த கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் சொன்னேன். "வேலையை விட்டு அப்படி என்னதான் செய்தீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் வீட்டிலும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள், இவ்வளவு மரியாதையாக இல்லை.

விளையாட்டின் பெயர் 'கடைமடை'. ஓர் ஏரி. அதன் கீழே கட்டம் கட்டமாக நிலம். வயல், வாய்க்கால், மடை, மேடு என்று ஒவ்வொரு கட்டமும் ஒன்று. அகலத்தில் அறுபது, நீளத்தில் அறுபது, மொத்தம் மூவாயிரத்து அறுநூறு கட்டங்கள். ஆடுகிறவருடைய வயல் கடைசியில் இருக்கும். மேலே இருக்கிறவர்களெல்லாம் தண்ணீரைத் திருப்பிக்கொள்வார்கள். பேசி, விட்டுக்கொடுத்து, சண்டை போட்டு, எந்த மடையை எப்போது திறப்பது என்று யோசித்து, பயிர் காய்வதற்குள் தண்ணீரைக் கடைசி வயலுக்குக் கொண்டுவர வேண்டும். ஒருவர் மாற்றி ஒருவர் ஆடுவது. அவசரமே கிடையாது.

நிரல் எழுதியது நான். படம் வரைந்ததும் ஓசை சேர்த்ததும் சாமுவேல். சித்தூரில் பழைய மிஷன் சபைக் குடும்பம் அவனுடையது. வேலை செய்யும்போது கீர்த்தனை பாடிக்கொண்டே இருப்பான். திட்டினால் சுதி மாற்றிப் பாடுவான்.

விளையாட்டுக்கு யோசனை கொடுத்தது அண்ணன்தான். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே எங்கள் ஊர். அண்ணன் போர்வெல் லாரியில் பதினாறு வருஷம் வேலை பார்த்தான். நகரி, புத்தூர், சத்தியவேடு என்று அந்த வட்டாரத்தில் அவன் துளைக்காத மண் இல்லை. பூமிக்குள் இருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வரும்போது மற்றவர்கள் ஒதுங்குவார்கள், அவன் நடுவில் போய் நிற்பான். தலை முதல் கால் வரை சேறும் தண்ணீருமாக வீட்டுக்கு வருவான். அண்ணி திட்டுவாள். அவனுக்கு அது பட்டாபிஷேகம்.

அந்த லாரி உடம்பை ஆட்டி எடுத்துவிடும். ராத்திரி வந்தால் முதுகு, இடுப்பு, கை, எல்லாம் வலிக்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வான். காலையில் எழுந்து ஓட வேண்டுமே. தினம் ஒன்று, சில நாள் இரண்டு, வருஷக் கணக்கில். யாரும் தப்பென்று நினைக்கவில்லை. லாரியில் வேலை பார்த்த எல்லோரும் அதைத்தான் தின்றார்கள். சிறுநீரகங்கள் போய்விட்டன என்று டாக்டர் சொன்னபோது, "வலிக்குத்தானே சார் துன்னேன்" என்றான்.

அதற்கப்புறம் அவனுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர். குழம்பு, மோர், டீ எல்லாம் அதற்குள் அடக்கம். அண்ணி ஒரு பாட்டிலில் நகப்பாலிஷால் கோடு போட்டு வைத்திருந்தாள். காலையில் அந்தக் கோடு வரை நிரப்புவாள். அவ்வளவுதான், அன்றைய கணக்கு முடிந்தது.

இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தவள். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

பந்தியில் சாம்பார்

கொஞ்சம் தொழில் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன் திரையில் எது அசைந்தாலும் அது நிஜமாக அசைவதில்லை. ஒரு நொடிக்கு அறுபது தடவை முழுப் படத்தையும் அழித்து அழித்து வரைகிறோம். கண் ஏமாந்துபோகிறது. போனில் யோசிக்கிற சிப் ஒன்று, வரைகிற சிப் ஒன்று. யோசிக்கிறது சொல்லும், வரைகிறது வரையும்.

கல்யாணப் பந்தி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவன் ஒவ்வொரு இலைக்கும் தனித்தனியாகச் சமையற்கட்டுக்கு ஓடி, ஒரு கரண்டி சாம்பார் வாங்கி வந்து ஊற்றினால் எப்படி இருக்கும்? ஊற்றுவது நொடி வேலை. ஓட்டம்தான் உயிரை எடுக்கும். நான் முதலில் எழுதியது அப்படித்தான். ஒவ்வொரு கட்டமும் தனிப் பொருள். மூவாயிரத்து அறுநூறு ஓட்டம், அதுவும் நொடிக்கு அறுபது தடவை. என் புதுப் போனில் பிரமாதமாக ஓடியது. அண்ணனின் போனில் தண்ணீர் நொண்டியது, பதினைந்து நிமிஷத்தில் போன் கொதித்தது.

இரண்டாவது வழியில், நிலம் முழுவதையும் ஒரே பெரிய படமாக வரைந்து வைத்துக்கொண்டேன். ஒரே ஓட்டம். ஆனால் ஒரு வயல் காய்ந்தாலும் முழுப் படத்தையும் திரும்ப வரைய வேண்டும். மடையைத் திறக்கும்போதெல்லாம் போன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பழைய போனின் நினைவகத்துக்கு அவ்வளவு பெரிய படம் தாங்கவும் இல்லை.

மூன்றாவதாக, நிலத்தைப் பத்துக்குப் பத்தாக முப்பத்தாறு துண்டுகளாக்கினேன். எந்தத் துண்டில் மாற்றமோ அதை மட்டும் புதிதாக வரைந்தால் போதும். இது நன்றாகவே வேலை செய்தது. நான் இங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. காரணம், தண்ணீர்.

தண்ணீர் என் செல்லப்பிள்ளை. மடை திறந்தால் அது ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு வழியும், வரப்பில் முட்டித் திரும்பும், மேலே வெயில் பளபளக்கும். நிலத்தைத் துண்டாக்கிவிட்டேன். தண்ணீர் மட்டும் எப்போதும் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால் நான்காவது வழிக்குப் போனேன். எல்லாப் படங்களையும் ஒரே தாளில் ஒட்டி, கட்டங்களின் பட்டியலை மொத்தமாக வரைகிற சிப்பிடம் கொடுத்துவிடுவது. பரிமாறுகிறவன் வாளியோடு பந்திக்கு வந்துவிட்டான். அலையையும் பளபளப்பையும் அந்தச் சிப்பே கணக்கிட்டுக்கொள்ளும்.

ஆறு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு வழியிலும் தண்ணீர் இன்னும் அழகாகிக்கொண்டே வந்தது. நான்காவது வழியில் அது பட்டு மாதிரி வழுக்கியது. சாமுவேல் சித்தூர்ப் பக்கம் ஒரு மதகுக்குப் போய், மண்டிபோட்டு, நிஜத் தண்ணீரின் ஓசையைப் பதிவு செய்துகொண்டு வந்தான். இருவரும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணனின் போனில் இப்போது விளையாட்டு இரண்டு மணி நேரம் ஓடியது. அதற்குமேல் அதே சூடு, அதே கறுப்புத் திரை. ஆரம்பத்தில் சொன்ன காட்சி இந்தக் கட்டத்தில் நடந்ததுதான்.

மூன்று தடவை சொன்னான்

அவன் என்னிடம் மூன்று தடவை சொன்னான். எண்ணி வைத்திருக்கிறேன்.

முதல் தடவை கட்டிலில் படுத்துக்கொண்டே கேட்டான். "பாப்பா, நான் யோசன பண்ணிக்கினு கீறப்போ இது இன்னாத்துக்கு ஓடிக்கினே கீது? நான் தொட்டா ஓடனா போதாதா?"

"தண்ணி ஆடணும் இல்ல அண்ணா?"

"ஆடலன்னா இன்னா ஆயிடும்?"

"செத்த மாதிரி இருக்கும்" என்றேன். இன்றைக்கு நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றுகிறது.

இரண்டாவது தடவை, நானும் அவனோடு ஊருக்குக் கிளம்பிய ஒரு நாள், பஸ் நிலையத்தில். "தண்ணிய மட்டும் எட்த்துட்டா சூடு கம்மியாவும்னு தோணுது பாப்பா." எனக்குச் சுருக்கென்றது. போர்வெல் லாரிக்காரன் எனக்கு கிராபிக்ஸ் சொல்லிக் கொடுக்கிறானா? "உனக்கு அதெல்லாம் தெரியாது அண்ணா, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவன் சரியென்று தலையாட்டி, எனக்குச் சீட்டுப் பிடிக்க ஓடினான்.

மூன்றாவது தடவை சுருக்கமாகச் சொன்னான். "தண்ணி ரொம்ப நல்லா வந்துச்சி பாப்பா. கொஞ்சம் கம்மி பண்ணேன்." நான் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. அவன் எப்போதும் ஓசையை அணைத்துவிட்டுத்தான் ஆடுவான். பக்கத்துக் கட்டிலில் ஒரு ரெட்டிகாரு எந்நேரமும் தூங்கிக்கொண்டிருப்பார். அவருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நினைக்கிறான் போல, என் அண்ணனுக்கு என்ன நாகரிகம் என்று பெருமைப்பட்டேன்.

எடை

டயாலிசிஸ் அறைக்குள் போகும் முன் எடை மெஷினில் ஏற வேண்டும். போன தடவை வீட்டுக்குப் போகும்போது இருந்த எடையைவிட எவ்வளவு கூடியிருக்கிறதோ, அவ்வளவும் குடித்த தண்ணீர். சாப்பாட்டினால் ஏறுகிற எடை அதில் தூசு. அங்கே பொய் சொல்ல முடியாது.

ஆரம்பத்தில் அண்ணனுக்கு இரண்டு கிலோ ஏறும். சிஸ்டர் பாராட்டுவாள். பிறகு மூன்றானது. பிறகு மூன்றரை. நான்காவது வழியை நான் முடித்த சமயத்தில் ஒருநாள் மெஷினைப் பார்த்துவிட்டு, "நாலுகுன்னர!" என்று சிஸ்டர் தலையில் கை வைத்தாள். நாலரைக் கிலோ. அவ்வளவு தண்ணீரை நான்கு மணி நேரத்தில் இழுத்தால் கால் கெண்டை பிடித்துக்கொள்ளும், ரத்த அழுத்தம் விழும். அன்றைக்கு அவன் வலியில் கட்டில் கம்பியைக் கடித்தான். பாதியில் எழுந்துவிட்டான்.

எல்லோரும் அவனைத் திட்டினார்கள். நானும் திட்டினேன். "உனக்குக் கட்டுப்பாடே கிடையாதா அண்ணா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "வெயிலு பாப்பா" என்றான்.

நான் திருப்பதியில் தங்கியிருந்த வாடகை அறைக்குப் போய், ஆத்திரத்தோடு வேலை செய்தேன். விளையாட்டு நான்கு மணி நேரம் ஓடினால் அண்ணன் நான்கு மணி நேரம் படுப்பான், படுத்தால் தண்ணீர் எல்லாம் வெளியே வந்துவிடும். என் கணக்கு எனக்குச் சரியாகத்தான் இருந்தது.

அண்ணி சொன்னது

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அண்ணி போன் செய்தாள். அண்ணனுக்கு மூச்சு முட்டுகிறது, புத்தூரிலிருந்து ஆம்புலன்சில் வந்துகொண்டிருக்கிறோம் என்றாள். நான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவசரப் பிரிவில் இருந்தான். படுக்க முடியாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஆக்சிஜன். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் மேலே ஏறி இறங்கின. நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டுவிட்டது.

பயத்தில் மனிதர்கள் என்னவெல்லாமோ செய்வார்கள். நான் கத்துவேன். "அறிவு இருக்குதா உனக்கு? சாவறதுக்கா குடிக்கிற?" என்று கத்தினேன். அவன் முகமூடிக்குள்ளிருந்து என்னையே பார்த்தான்.

அண்ணி என் முழங்கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். என் அண்ணி செல்வி நகரியில் ஒரு பவர்லூம் கொட்டகையில் வேலை செய்கிறவள். அந்தச் சத்தத்திலேயே பழகியதால் எப்போதும் உரக்கப் பேசுவாள். அன்றைக்கு மெதுவாகப் பேசினாள்.

"அவர இன்னாத்துக்குத் திட்ற? நீ பண்ண ஆட்டத்துல ஓடுதே தண்ணி, அத்தப் பாத்துப் பாத்துதான் இந்த கதி."

"ஆட்டத்துல ஓடற தண்ணியா?" என்றேன்.

"மடையத் தொறந்தா கட்டம் கட்டமா ஓடுது பாரு. அத்தப் பாத்துக்கினே எச்சி முழுங்குவாரு. நான் பக்கத்துலயே குந்திக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா? ரெண்டு மணி நேரத்துக்கு மேல தாங்காம எழுந்துக்குவாரு. போன் சூடு, போன் சூடுன்னுவாரு. பஸ்ஸு எறங்குனா நேரா தொட்டிகிட்டதான் போவாரு. சொம்ப ஒளிச்சி வெச்சேன். கைய குவிச்சிக் குடிக்கிறாரு."

"எங்கிட்ட ஏன் அண்ணி சொல்லல?"

"சொல்லாதன்னு என் தலமேல அடிச்சி சத்தியம் வாங்கினாரு. பாப்பா அந்தத் தண்ணியதான் ஆசயா பண்ணி கீது, மாசக்கணக்குல அதுக்கே ஒழைச்சிக்கினு கீது, சொன்னா நொந்துபூடும்னு."

"ஆடாம இருந்திருக்கலாமே."

"நீ வந்து வந்து கேப்பியே, எப்டி கீது அண்ணா, எப்டி கீது அண்ணான்னு."

அந்த வராந்தாவில் ஒரு குடிநீர்க் குழாய் இருந்தது. ஒரு பெண் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீரை நான் பார்க்கவில்லை, அதன் சத்தத்தைத்தான் கேட்டேன். பாட்டில் நிரம்ப நிரம்பச் சத்தம் மேலே ஏறியது. ஒரு நாளைக்கு அரை லிட்டர் குடிக்கிறவனுக்கு இது எப்படிக் கேட்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். ஆறு மாதமாக நான் அறையில் உட்கார்ந்து தண்ணீரை இன்னும் தண்ணீராக்கிக்கொண்டிருந்தேன்.

முதலில் வெட்கமாக இருந்தது. அழுகை அப்புறம்தான் வந்தது.

ஐந்தாவது வழி

அண்ணனுக்கு அவசரமாக டயாலிசிஸ் செய்து மறுநாள் மூச்சு சரியானது. நான் அறைக்குப் போய்த் தண்ணீரை எடுத்தேன்.

எழுத ஆறு மாதம் ஆனதை எடுக்க ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. அலை போயிற்று, பளபளப்பு போயிற்று, வழிவது போயிற்று. தண்ணீர் இருக்கிற கட்டம் மண் நிறத்தில் சும்மா இருக்கும். எவ்வளவு இருக்கிறதென்று நடுவில் ஓர் எண். சாமுவேலின் மதகு ஓசையையும் எடுத்தேன்.

சாமுவேல் திரையைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது? கணக்கு நோட்டு மாரி கீது. இத்த எவன் வெளயாடுவான்?" என்றான். நடந்ததைச் சொன்னேன். பாட்டுப் பாடுகிற ஆள், அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. சாயங்காலம் மண் நிறத்தை இன்னும் கொஞ்சம் மங்கலாக்கிக் கொடுத்தான். பார்த்தால் நாக்கு வறளாத நிறம்.

இப்போது திரையில் எதுவும் தானாக அசையவில்லை. எதுவும் அசையாதபோது எதற்கு நொடிக்கு அறுபது தடவை வரைய வேண்டும்? விரல் பட்டால் ஒரு தடவை வரை, மற்ற நேரமெல்லாம் சும்மா இரு என்று எழுதினேன். மூவாயிரத்து அறுநூறு கட்டங்களுக்கு நான் தேடிய வேகமான வழி அதுதான். அண்ணன் அதைத்தான் முதல் தடவையே கேட்டான், நான் தொட்டா ஓடனா போதாதா என்று. யோசித்து ஆடுகிற ஆட்டத்தில் ஆடுகிறவர் பெரும்பாலும் யோசித்துக்கொண்டுதான் இருப்பார். அந்த நேரத்தில் போனுக்கு ஒரு வேலையும் இல்லை.

அடுத்த டயாலிசிஸ் நாளில் போனைக் கையில் கொடுத்தேன். கட்டைவிரலால் ஒரு மடையைத் திறந்தான். ஓர் எண் குறைந்தது, இன்னோர் எண் ஏறியது. அவ்வளவுதான்.

"இன்னா பாப்பா, தண்ணி நின்னுபோச்சி?"

"போன் சூடாவுதுன்னு சொன்னியே அண்ணா, அதான் எடுத்துட்டேன்."

அவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி ஜன்னல் கம்பியில் எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. இன்னொரு மடையைத் திறந்து பார்த்தான்.

"நல்லா கீது" என்றான். "இப்பதான் ஆடறதுக்கு லாயக்கா கீது."

இரண்டு மணி நேரம் ஆனது. மூன்று ஆனது. ரெட்டிகாரு விழித்துக்கொண்டு, எந்த மடையைத் திறக்க வேண்டும் என்று தெலுங்கில் யோசனை சொல்ல ஆரம்பித்தார். நான்கு மணி நேரம் முடிந்து மெஷின் கூவியபோது அண்ணன், "இரும்மா, இந்த ஒரு ஆட்டம்" என்று சிஸ்டரை நிறுத்தி வைத்தான். நான் போனைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

அதற்கப்புறம் ஏறுகிற எடை திரும்ப இரண்டு கிலோவுக்கு வந்தது. ஒன்றரை வருஷம் அவன் பாதியில் எழுந்ததே இல்லை. தண்ணீரைப் பற்றி அவனும் என்னிடம் பேசவில்லை, நானும் அவனிடம் பேசவில்லை. என்னை மன்னித்துவிடு அண்ணா என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் எனக்காகச் சொன்ன பொய் வீணாகிவிடும் என்று நினைத்தேன். கோழைத்தனமும் கொஞ்சம் இருந்தது.

படையல்

போன மழைக்காலத்தில், டயாலிசிஸ் இல்லாத ஒரு நாள் காலையில், வீட்டு வாசலில் செருப்பு மாட்டும்போது அண்ணன் சாய்ந்துவிட்டான். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். தண்ணீரால் இல்லை, இத்தனை வருஷ நோயில் இதயம் களைத்துவிடும் என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னதை நம்பப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

பதினாறாம் நாள் காரியத்தில் படையல் போட்டார்கள். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் வைப்பது வழக்கம். ஆட்டுக்கறி, வடை, வாழைப்பழம், இளநீர். டாக்டர் வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொன்றையும் சொந்தக்காரர்கள் தேடித்தேடிக் கொண்டுவந்து வைத்தார்கள். இலையில் இடமில்லை.

கற்பூரம் ஏற்றப் போகிற சமயத்தில் அண்ணி எழுந்து பின்பக்கம் போனாள். ஒரு பெரிய எவர்சில்வர் குடத்தில் தண்ணீர் தளும்பத் தளும்பத் தூக்கிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் சிந்தியது. படத்துக்கு முன்னால் இலையை ஒதுக்கிவிட்டு வைத்தாள். பக்கத்தில் ஒரு சொம்பையும் வைத்தாள்.

"குடிங்க" என்றாள் படத்தைப் பார்த்து. பழைய உரத்த குரலில் சொன்னாள். "எவ்ளோ ஓணுமோ குடிங்க. இனிமே ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

அண்ணி என் பக்கம் திரும்பினாள்.

"உங்கிட்ட அந்தப் பழசு கீதா? தண்ணி ஓடறது?"

தலையாட்டினேன்.

"போட்டு வெய்யி."

நான்காவது வழியில் எழுதியதைத் தேடி எடுத்து அண்ணனின் போனில் ஏற்றச் சில நிமிஷங்கள் ஆயின. கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் காத்திருந்தார்கள். குடத்தின் மேல் சாய்த்து வைத்து, ஓசையை முழுக்க ஏற்றி, ஏரியிலிருந்து கடைசி வயல் வரை ஒவ்வொரு மடையாக எல்லாவற்றையும் திறந்துவிட்டேன்.

கற்பூரம் எரிந்து அணைந்தது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். போன் தொட முடியாத அளவுக்குச் சுட்டது, யாரும் நிறுத்தவில்லை. சார்ஜ் தீரும் வரை தண்ணீர் ஓடியது.